எந்தக் கம்பம்?

கடல் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் சம்பாதிக்கப் போகிறார்கள். நான் தங்கையை அழைத்து வரப் போனேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். தாய் வீடு மதுரையில் இருக்க, பெண்ணைக் கோலாலம்பூரில் ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்குக் கட்டிக் கொடுத்தால் வழக்கமும் கப்பலேற வேண்டியதுதான். பாத்திரக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன். கப்பலில் நான் பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் குமட்டும், விட்டுவிடுகிறேன்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் யாரோ நவாபின் அரண்மனைக்குள் தவறி நுழைந்துவிட்டோம் என்று பயந்தேன். வெள்ளை வெளேரென்று சுவர், வளைவு வளைவாகத் தாழ்வாரம், தலைக்கு மேலே குவிமாடங்கள். நம் மதுரை ஸ்டேஷனை இதன் பக்கத்தில் நிறுத்தினால் மாட்டுக் கொட்டில் என்பார்கள். ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அரண்மனை வாசலில் என் டிரங்குப் பெட்டியைப் பிடித்து இழுக்க நாலைந்து பிள்ளைகள் வந்துவிட்டன. பெட்டியைவிடச் சின்னப் பிள்ளைகள். ஒன்றுக்கு அரைஞாண் கயிறு தவிர உடம்பில் வேறு எதுவும் இல்லை. அழைத்துப் போக வந்திருந்த மாப்பிள்ளை சுந்தரம் விரட்டவில்லை. "பெட்டி வேண்டாம்டா, குடையைத் தூக்கிக்கிட்டு வாங்க" என்றார். ஒரு குடையை நாலு பேர் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் ஊர்வலமாக வந்தார்கள்.

"ரப்பர் விலை விழுந்துருச்சு மச்சான். தோட்டத்தையெல்லாம் மூடிட்டான். ஆளுங்கள்ல பாதிப் பேரைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டான். மீதிப் பேரு எங்கெங்கயோ வேலை தேடிப் போயிட்டாங்க. பிள்ளைங்க மட்டும் ஸ்டேஷன்ல வந்து ஒதுங்குது."

மதுரை ஸ்டேஷனிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. எத்தனையோ தடவை அவர்களைத் தாண்டி நடந்திருக்கிறேன். அங்கே கண்ணில் படாதது இங்கே பட்டதற்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை. புது ஊரில் எல்லாமே கண்ணில் படும்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பு தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை. இன்ஜின் ஊதினால் பானை மூடி ஆடுகிறது. வடிவு வயிறும் தானுமாக வாசலில் நின்று அழுதுவிட்டு, அழுத கையோடு சாப்பாடு போட்டாள். குழம்பில் தேங்காய்ப்பால், கூட்டில் தேங்காய்ப்பால், பாயசத்தில் சொல்ல வேண்டியதே இல்லை. "ரசத்திலயும் ஊத்துவியா?" என்று கேட்டேன். "இங்க இப்படித்தாண்ணே. பழகிரும்" என்றாள். எனக்குப் பழகவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மாப்பிள்ளையோடு சந்தைக்குப் போனேன். சந்தை என்று சொன்னால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பாசார் என்று சொல்ல வேண்டும். சீனர் காப்பிக்கடையில் காப்பியைக் கோப்பையிலிருந்து சாஸரில் கவிழ்த்து உறிஞ்சுகிறார்கள். பக்கத்து மேஜையில் இரண்டு சீனக் கிழவர்கள் சண்டை போடுவதுபோல் கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அவருக்கும் சீனம் தெரியாது, கடைக்காரப் பையனிடம் மலாயில் கேட்டுச் சொன்னார்: "போன வருஷத்து மழை பெரிசா, இந்த வருஷத்து மழை பெரிசான்னு பேசிக்கிறாங்களாம்." உலகம் முழுக்க மனிதன் ஒன்றுதான் போலிருக்கிறது.

பாசார் வாசலில் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரர் நம்மவர். பேச்சுக்கு, "எங்கேயிருந்து வர்றீங்க?" என்றேன்.

"கம்பத்துலேருந்து வரேன் அண்ணே."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் மதுரை ஜில்லாவில், மலையடிவாரத்தில் இருக்கிற கம்பம்! மாதம் ஒரு தடவை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று சரக்குப் போடப் போகிறவன் நான். "கம்பமா! எந்தத் தெரு? வாரச் சந்தைக்குப் பக்கமா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்காரர் திருதிருவென்று விழித்தார். அங்கிருந்து வாழைத்தாரை வண்டியில் ஏற்றிக் கடலைத் தாண்டி ஓட்டி வர முடியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மலாய்க்காரர்கள் கிராமத்தைக் கம்போங் என்கிறார்களாம். அது நம்மவர் வாயில் கம்பமாகிவிட்டது. இந்த ஊரில் கம்பத்துக்குப் போனான் என்றால் பக்கத்துக் கிராமத்துக்குப் போனான் என்று அர்த்தம். அன்று சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுவதும் சேதி பரவி, மறுநாள் காலையிலேயே குழாயடியில் பெண்கள், "வடிவு, கம்பத்து அண்ணன் எழுந்திரிச்சாச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மெல்லுவதற்கு நான் அவலாகிவிட்டேன். அதற்குப் பிறகு யார் கம்பம் என்றாலும் கிராமம் என்றே எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்தேன்.

மூன்றாம் நாள் மழை விட்டதும் மாப்பிள்ளை என்னைக் குடியிருப்பின் பின்பக்கம் அழைத்துப் போனார். பழைய சாமான் கொட்டகை ஒன்றைப் பலகை அடித்து வீடாக்கியிருந்தார்கள். குடை தூக்கிய கூட்டம் அங்கேதான் இருந்தது, இன்னும் பல பேரோடு. அந்த வீட்டை நடத்துகிறவர் ஞானம்மா என்கிற யாழ்ப்பாணத்து அம்மாள். இறந்துபோன ஒரு இன்ஜின் டிரைவரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். குரலில் பிரம்பு இன்னும் இருந்தது. பிள்ளைகள் அவரை டீச்சரம்மா என்றார்கள், அதனால் நானும்.

குடியிருப்பில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி கொடுக்கிறார்கள். சரக்குக் கொட்டகையில் மூட்டை கிழிந்து சிந்துகிற அரிசியைப் பிள்ளைகள் கூட்டி அள்ளுவதை மாப்பிள்ளை பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறார். புதிதாக வருகிற பிள்ளைக்கு முதலில் மொட்டை, அப்புறம் மண்ணெண்ணெய், அப்புறம் விளக்கெண்ணெய், அதற்கப்புறம்தான் பெயர் கேட்பது. இந்த வரிசையை டீச்சரம்மா எனக்குப் பாடம் மாதிரி சொன்னார்.

வீட்டுக்குக் கதவு இருந்தது, பூட்டு இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பூட்டிப் பாத்தனான் தம்பி. சுவரேறி ஓடிவிட்டினம். எல்லாருக்கும் ஆரோ ஒருத்தர் வண்டியிலை வருவினம் எண்ட நினைப்பு. இப்ப நானே கூட்டிக்கொண்டு போறன். வண்டி வரும், பாப்பினம். ஒருத்தரும் இறங்கேல்லை எண்டாப் பிறகு தாங்களே வந்து சாப்பிடுவினம்."

அன்றைக்கும் போனோம். அரண்மனை ஸ்டேஷனின் பிளாட்பாரத்து ஓரத்தில் பிள்ளைகள் சுவரோடு சுவராக உட்கார்ந்தார்கள். வண்டி வந்தது. துரைகள், சீனர்கள், மலாய்க்காரர்கள், வேட்டி கட்டியவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். பிள்ளைகள் ஒரு முகம் விடாமல் பார்த்தார்கள். வண்டி காலியானதும் எழுந்து அரைக்கால் சட்டையைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். யாரும் அழவில்லை. கோயிலில் தீபாராதனை முடிந்து கலைகிற மாதிரி இருந்தது.

ஒரு பெண் பிள்ளை மட்டும் எழுந்திருக்காமல் இருந்தது. எட்டு வயது இருக்கலாம். மொட்டையடித்த தலையில் முடி வளர்ந்து காதுவரை வந்திருந்தது. "சுருட்டை! வா" என்று டீச்சரம்மா கையைப் பிடித்துத் தூக்கினார்.

அவளுடைய கதையை நடந்துகொண்டே சொன்னார். பந்திங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா காய்ச்சலில் போய்விட்டார். தோட்டம் மூடியதும் தாய், "நான் கம்பத்துக்குப் போயிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன், இங்கயே நில்லு" என்று சொல்லி ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் போனாள், இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளையும் டீச்சரம்மாவும் பந்திங் சுற்று வட்டாரத்தில் ஒரு கம்பம் விடாமல் விசாரித்திருக்கிறார்கள். தோட்டத்துக்கும் போனார்கள், கூலிக்காரர்கள் இருந்த லயத்து வீடுகளில் ஆள் இல்லை, ஆடு கட்டியிருந்ததாம்.

"பொம்பிளைப் பிள்ளை. எத்தினை நாளைக்கு ஸ்டேஷனடியிலை வைச்சிருக்கிறது? கிள்ளானிலை ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, குழந்தை தூக்க ஒரு பிள்ளை கேட்டவர். வளர்ப்பு மகளா வைச்சிருப்பாராம். நாளைக்குக் கொண்டுபோய் விடவேணும்."

வளர்ப்பு மகள் என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். யார் யாரை வளர்க்கிறார்கள் என்பது போகப் போகத் தெரியும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. விருந்துக்கு வந்தவன் வீட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது.

தலையிடாதவன் வண்டியில் ஏற வேண்டியதாகிவிட்டது. துணைக்குப் போக வேண்டிய மாப்பிள்ளைக்கு மறுநாள் ஆபீஸில் வேலை. "மச்சான், நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்றார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

கிள்ளான் வண்டி மூன்றாம் வகுப்பு. சுருட்டைக்குப் புதுப் பூப்போட்ட கவுன். டீச்சரம்மா ராத்திரி தைத்தாராம். பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தின் நடுவில் ஒரு எருமை படுத்திருந்தது. மலாய்க்காரக் கார்டு இறங்கிப் போய் அதட்டினார், எருமை அசை போட்டது. வயலில் நின்ற ஒருவனிடம் அவர் கத்தினார், அவனும் கத்தினான். டீச்சரம்மா மொழிபெயர்த்தார்: "உன்ரை மாடோ எண்டு கேக்கிறார். மாடு என்ரைதான், தண்டவாளம் ஆரின்ரை எண்டு அவன் கேக்கிறான்." எங்கள் ஊர் மாட்டுக்காரனும் இதையேதான் கேட்டிருப்பான்.

எருமைக்கு மனசு வரும்வரை பொழுது போக வேண்டுமே. நிலக்கடலை வாங்கி வைத்திருந்தேன், இங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். சுருட்டைக்குக் கொடுத்தேன். அவள் தலைமுடி கோரைப்புல் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. "இந்த முடிக்குச் சுருட்டைன்னு பேரு வச்சவங்க கண்ணு எங்க இருந்துச்சு?" என்று சீண்டினேன்.

"என் பேரு சுருட்டை இல்ல" என்றாள் வாய் நிறையக் கடலையோடு. "சுருளி. டீச்சரம்மாதான் மாத்திட்டாங்க."

"சுருளி எண்டு ஒரு பேர் இருக்கே தம்பி? சுருட்டை எண்டதைத்தான் பிள்ளை வாய் திருந்தாமல் சொல்லுது எண்டு திருத்தி விட்டனான்" என்றார் டீச்சரம்மா.

எங்கள் மதுரை ஜில்லாக் கம்பத்துக்குப் பக்கத்து மலையில் விழுகிற அருவிக்குச் சுருளி என்று பெயர். அங்கே போய்க் குளித்து, வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கெல்லாம் அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு சுருளி மேல்தான் விழும். என் கடைக்கு வருகிறவர்களில் மட்டும் மூன்று சுருளி, இரண்டு சுருளியம்மாள். வேறு எந்தச் சீமையிலும் இந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

இரண்டு நாளாக ஊரே சிரித்துச் சிரித்து என் தலையில் ஏற்றிய பாடம் அந்த நிமிஷத்தில் கழன்று விழுந்தது. தாய் போனது கம்போங்குக்கு இல்லை. எங்கள் கம்பத்துக்கு. கடலுக்கு அந்தப் பக்கம்.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கிராமத்துக்குப் போனவள் என்றால் என்றைக்காவது திரும்பி வருவாள். கப்பலேறிப் போன கூலிக்காரப் பெண் எப்படித் திரும்பி வருவாள்? டீச்சரம்மாவின் காதோடு சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்தவர், மதுரை ஜில்லாவைப் பார்த்ததில்லை. அவர் கேட்ட கம்பம் ஒன்றே ஒன்றுதான்.

"உறுதியாத் தெரியுமோ?"

"உறுதியா எப்படிச் சொல்றது? பேரை வச்சுச் சொல்றேன்."

"அப்ப சொல்லாதையுங்கோ. தாய் விட்டிட்டுப் போனவள் எண்டு இந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

அதற்குள் எருமை எழுந்துவிட்டது.

கிள்ளானில் கிராணியும் அவர் சம்சாரமும் பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார்கள். அந்த அம்மாள் இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று. நாங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சுருளி கையை உதறிக்கொண்டு ஓடினாள். பிளாட்பாரத்துக் கோடியில் ஒரு மரத் தூண். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"இதுதான் டீச்சரம்மா! இந்த ஸ்டேஷன்தான்! இங்கதான் நிக்கச் சொன்னாங்க!"

'இந்த ஸ்டேஷன் இல்லை' என்று கோலாலம்பூரில் அவள் முதல் நாளே சொன்னாளாம். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும் என்று டீச்சரம்மா விட்டுவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டே அவள் சொன்னதில் மிச்சமும் தெரிந்தது. இங்கே பசியோடு நின்றவளை யாரோ ஒருத்தி சோறு தருகிறேன் என்று வண்டியில் ஏற்றியிருக்கிறாள். சுருளி தூங்கிப்போய்க் கோலாலம்பூரில் விழித்திருக்கிறாள்.

"அம்மா எந்த வண்டியில ஏறுனாங்க?" என்று கேட்டேன்.

அவள் துறைமுகத்துப் பக்கம் போகிற தண்டவாளத்தைக் காட்டினாள். "தம்பிங்க ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு ஏறுனாங்க. எனக்கு அப்ப கண்ணு வலி. கண்ணெல்லாம் ஒட்டிக்கிச்சு. கண்ணு சரியாகட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க."

கிராணி தொப்பியைக் கழற்றினார். இந்த இடத்தில் அவரைப் பற்றி நான் மனசில் நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. "என் தோட்டத்து ஆளுங்களையும் நான்தான் கப்பலுக்குக் கொண்டு போய் விட்டேன் சார்" என்றார் மெதுவாக. "கப்பல்ல ஏறுறப்ப டாக்டர் இமையைத் தூக்கிப் பார்ப்பாரு. ஒரு பிள்ளைக்குக் கண்ணு சரியில்லைன்னா குடும்பத்தோட எறக்கிருவாங்க. எறக்கிட்டா மறுபடியும் எப்ப இடம் கிடைக்குமோ. சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

மூன்று பிள்ளையில் இரண்டையாவது கரை சேர்க்க ஒருத்தி போட்ட கணக்கு. அந்தத் தாயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கிராணியின் சம்சாரம் தூணடிக்குப் போய், "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டாள். சுருளி தூணை இன்னும் இறுக்கினாள். அவளைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும் போலிருந்தது. இழுத்துக்கொண்டு போய் விட்டாலும் அவள் தினமும் இங்கே ஓடி வருவாள். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

நான் பிள்ளைகளோடு பேசிப் பழகாதவன். பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, கடைக்கு வந்த ஆளிடம் பேசுகிற மாதிரியே பேசினேன். டீச்சரம்மா "தம்பி" என்று தடுத்ததும் காதில் விழுந்தது.

"சுருளி, உங்கம்மா போன கம்பம் இங்க இல்ல. கப்பல்ல போகணும். ரொம்ப நாளாகும். கப்பலை விட்டு எறங்கி ரயிலு, அப்புறம் பஸ்ஸு. அந்த ஊரு எனக்குத் தெரியும். நானும் என் தங்கச்சியும் அந்தப் பக்கம்தான் போறோம். வர்றியா? தேடிப் பாக்கலாம். உங்கம்மா கிடைக்கிறவரைக்கும் எங்க வீட்ல இரு."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வடிவைக் கேட்கவில்லை, மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. கம்பத்தில் எத்தனை தெரு, எத்தனை சுருளி வீடு, போய்க் கேட்டால் அந்தத் தாய் கதவைத் திறப்பாளா, எதுவும் எனக்குத் தெரியாது.

சுருளி அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல்லயா?"

"ஆமா."

"ரொம்பத் தூரமா?"

"ரொம்பத் தூரம்."

அவளுக்கு மூச்சு பெரிதாக ஒன்று வந்தது. டீச்சரம்மா பயந்த எதுவும் அந்த முகத்தில் இல்லை. தேர்வில் தேறிவிட்டோம் என்று கேட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

"அப்ப, நான் இல்லாதப்ப அம்மா இங்க வந்து பாத்துட்டுப் போயிருக்க மாட்டாங்கல்ல?"

இத்தனை மாதமாக, தப்பான ஸ்டேஷனில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை பயந்தது இதைத்தான். இல்லை, இன்னும் வந்திருக்க மாட்டாங்க என்று எப்படியோ சொன்னேன்.

"டீச்சரம்மா, அம்மா இன்னும் வரவே இல்லையாம்!" என்று அவள் கூவினாள். தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்களோடு வந்து நின்றுகொண்டாள்.